திறந்த பந்தலுக்குக் கூரை போடப் போகிறீர்களா? முதலில் தூணைப் பாருங்கள்

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அஞ்சடியின் அருமை தெரியும். மழை வந்தால் துணியை இழுத்துப் போடவும், விருந்தாளி வந்தால் நாற்காலி போடவும், பெரியவர்கள் மாலையில் உட்காரவும் அதுதான் இடம். தாமான் வீடுகளில் அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமும் பின்கட்டும் எடுத்துக்கொண்டன. அங்கே அழகுக்காகவோ, கொடி படரவோ இரும்பு அல்லது மரச் சட்டங்களால் திறந்த பந்தல் போட்டு வைத்திருப்பவர்கள் பலர். இதைத்தான் பெர்கோலா என்கிறோம்.

தீபாவளி நெருங்கும்போதோ வீட்டில் ஒரு திருமணம் முடிவாகும்போதோ, “சட்டம்தான் இருக்கிறதே, மேலே நாலு தகடு அடித்தால் போதுமே” என்ற எண்ணம் வருகிறது. செய்யக்கூடிய வேலைதான். ஆனால் திறந்த பந்தல் தன் எடையை மட்டும் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. மூடியவுடன் அதன் மேல் எடை, தண்ணீர், காற்று ஆகிய மூன்றும் வந்து சேர்கின்றன. அதனால் கூரையைத் தேர்ந்தெடுக்கும் முன் தூண்களைச் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு சுமை வரும்?

20 அடி அகலமும் 16 அடி நீளமும் உள்ள ஒரு பந்தலை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 30 சதுர மீட்டர்.

எடை: மெல்லிய உலோகத் தகடு சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் இருக்கும், மொத்தம் 150 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் 750 கிலோ. வீட்டுக் கூரையோடு ஒத்துப்போக வேண்டும் என்று கான்கிரீட் ஓடு போட்டால் 1,200 கிலோவைத் தாண்டிவிடும். இவற்றோடு, பழுதுபார்க்க மேலே ஏறும் ஆளின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். நம் நாட்டில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் மிகக் கனமழை என்று கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மணி நேரத்தில் இந்தக் கூரையிலிருந்து 1,800 லிட்டர் தண்ணீர் இறங்கும். இதுவரை சட்டங்களின் இடைவெளி வழியாகப் பரவலாக விழுந்த மழை, இனி ஒரே ஓரத்தில் கொட்டும்.

காற்று: பலர் மறப்பது இதைத்தான். திறந்த பந்தலில் காற்று ஊடே போய்விடும். மூடிய கூரையை அது கீழிருந்து மேலே தூக்கப் பார்க்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 38 கிலோ. 30 சதுர மீட்டருக்கு அது ஒரு டன்னுக்கு மேல். தகட்டின் எடையோ 150 கிலோ. புயல் மழையில் கூரை பறந்து பக்கத்து வீட்டுக் கார் மேல் விழுவது இப்படித்தான்.

தூணும் தரையும்

திறந்த பந்தலின் தூண்களைப் பெரும்பாலும் தரை ஓட்டின் மேல் ஒரு இரும்புத் தட்டு வைத்து, நாலு போல்ட்டில் நிறுத்தியிருப்பார்கள். அந்தப் போல்ட் ஓட்டையும் அதன் கீழுள்ள சிமெண்டுப் பூச்சையும் மட்டும் பிடித்திருந்தால் கூரையைத் தாங்காது. தூணுக்குக் கீழே தனி கான்கிரீட் அடித்தளம் வேண்டும். அது தூணைத் தாங்குவதோடு, காற்று தூக்கும்போது இழுத்துப் பிடிக்கும் கனமாகவும் இருக்க வேண்டும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். நிரப்பிய நிலத்திலும் பழைய ஈயச் சுரங்க நிலத்திலும் எழுந்த தாமான்கள் நம்மிடம் நிறைய. அங்கே வீடு ஆழமான தூண்களில் நிற்கும். முற்றத்துத் தரை வெறும் மண்ணில் கிடக்கும். காலப்போக்கில் தரை மட்டும் இறங்கும். வீட்டுச் சுவருக்கும் முற்றத் தரைக்கும் நடுவே விரிசல் தெரிந்தால் உங்கள் தரை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தரையில் நிற்கும் கூரையை வீட்டோடு இறுக்கிப் பிணைத்தால், தரை இறங்கும்போது கூரை சுவரையும் சேர்த்து இழுக்கும்.

இரும்புத் தூணாக இருந்தால் அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மரமாக இருந்தால் கரையான் பார்க்க வேண்டும். இரண்டில் எது இருந்தாலும் பழைய பந்தலைப் பிரித்துப் புதிதாகப் போடுவதே மலிவு.

எந்தக் கூரை?

உலோகத் தகடு விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் வெயிலில் கொதிக்கும். மழையில் இரைச்சல் அதிகம். நடுவில் நுரை வைத்த இரட்டைத் தகடு இரண்டையும் குறைக்கும்.

பாலிகார்பனேட் வெளிச்சத்தை விடும். அதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளித்து வெடிக்கும். வெயிலில் ஒரு மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் வரை விரியும் என்பதால் திருகாணித் துளையைச் சற்றுப் பெரிதாக இட வேண்டும். உள்ளே கண்ணறைகள் உள்ள வகையாக இருந்தால் இரு முனைகளையும் நாடாவால் மூட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும்.

சரிவும் வடிகாலும்

பெர்கோலா பெரும்பாலும் மட்டமாக இருக்கும். மட்டமான கூரையில் தண்ணீர் தேங்கும், தேங்கிய எடையில் தகடு வளையும், வளைந்த இடத்தில் இன்னும் தேங்கும். உலோகத் தகட்டுக்கு 5 பாகையாவது சரிவு வைப்பது நல்லது. 16 அடி நீளத்துக்கு அது சுமார் 17 அங்குல இறக்கம். வீட்டுப் பக்கம் உயர்ந்தும் வெளிப்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும்.

ஓர வாய்க்காலும் இறங்கு குழாயும் அவசியம். குழாய் 3 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அது உங்கள் காணிக்குள் உள்ள கால்வாயில்தான் விழ வேண்டும். அண்டை வீட்டுச் சுவரில் விழும் தண்ணீர் பல ஆண்டு நட்பையும் கெடுத்துவிடும். இலை அடைத்த ஓர வாய்க்கால் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பார்க்க முடியாது என்றால், எளிதில் எட்டும் உயரத்திலேயே அதை அமையுங்கள்.

சுவரோடு சேரும் இடம்

ஒழுகல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. சிலிகான் பசையை மட்டும் நம்பினால் வெயிலில் அது சீக்கிரமே சுருங்கிப் பிரியும். சுவரில் பள்ளம் வெட்டி, தகட்டு மடிப்பைச் செருகிப் பூசுவதே சரியான முறை. தாங்கும் சட்டத்தைப் பூச்சில் அடிக்காமல் தூணிலோ உத்திரத்திலோ பிணைக்க வேண்டும். அண்டை வீட்டாரோடு பொதுவான சுவரை அவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பழைய மலிவு விலை வீடுகளிலும் லயங்களிலும் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும்.

வெளிச்சமும் காற்றும்

பின்கட்டை முழுதும் மூடினால் சமையலறை இருண்டுவிடும். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள், குடியிருப்பு அறைகளுக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு அளவுக்கு வெளிச்சம் வரும் சன்னலும், 5 விழுக்காடு அளவுக்குக் காற்று தடையின்றி நுழையும் திறப்பும் வேண்டும் என்கின்றன. அந்தச் சன்னல்களைக் கூரை அடைத்துவிடக் கூடாது. கேஸ் அடுப்புள்ள இடத்தில் இது உயிர்ப் பாதுகாப்பும்கூட.

அனுமதி

தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பவோ மாற்றவோ கூடாது. எந்த வேலைக்கு முழு வரைபடம், எதற்குச் சிறுவேலை அனுமதி, எல்லையிலிருந்து எவ்வளவு விலகல் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் மன்றத்தின் கட்டடப் பிரிவுக்கு நேரில் போய்க் கேளுங்கள். “எல்லாரும் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள்” என்ற பதில் அங்கே செல்லாது. அனுமதியில்லாத கூரையை இடிக்கச் சொன்னால் செலவு வீட்டுக்காரருக்குத்தான்.

குத்தகையாளரிடம் கேட்க வேண்டியவை

கட்டுமான வேலை செய்பவர் சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்த அட்டையைப் பாருங்கள். விலைப்பட்டியலில் தகட்டின் தடிமன், இரும்புக் குழாயின் அளவு, அடித்தளத்தின் ஆழம், வடிகால், உத்தரவாதக் காலம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பணத்தை வேலையின் கட்டத்துக்கு ஏற்பக் கொடுங்கள். கடைசிப் பகுதியை ஒரு பெருமழை பார்த்த பிறகு கொடுப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் ரசீதும் ஒப்பந்தமும் இருக்க வேண்டும்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். பந்தல் தூண் ஒன்றை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால், கூரைக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பகுதி அடித்தளத்துக்குப் போகட்டும். அசையாவிட்டாலும் அடியில் கான்கிரீட் இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே தகட்டுக்கு விலை கேளுங்கள்.