இரண்டாவது படம்

மென்பொருள் துறைக்கு வருகிற எல்லாருக்கும் கல்லூரியிலேயே ஒரு படம் அறிமுகமாகிவிடும். படிக்கட்டு மாதிரி இறங்கும் பெட்டிகள்: தேவைகள், ஆய்வு, வடிவமைப்பு, கோடிங், டெஸ்டிங், பயன்பாடு. பெயர் வாட்டர்ஃபால். உருவாக்கியவர் வின்ஸ்டன் ராய்ஸ், 1970. தேர்வில் இவ்வளவு எழுதினால் போதும்.

ராய்ஸின் மூலக் கட்டுரையைப் படிச்சா கதையே வேற. 'வாட்டர்ஃபால்' என்ற சொல் அதில் கிடையாது. அந்தப் படிக்கட்டு இரண்டாவது படமாக வருகிறது. அதே கட்டுரையிலேயே, இப்படிச் செய்வது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்கிறார். விண்கலங்களுக்கான மென்பொருளை உருவாக்கியவர் அவர். நிரல் எவ்வளவு நேரம் எடுக்கும், நினைவகம் போதுமா என்பதெல்லாம் கடைசியில், டெஸ்டிங்கில்தான் முதன்முறையாகத் தெரியவரும். அங்கே உதைத்தால் வடிவமைப்புக்கோ, தேவைகளுக்கோ திரும்ப ஓட வேண்டும். செலவு இரண்டு மடங்காகலாம்.

அவர் சொன்ன ஐந்து தீர்வுகளில் எனக்குப் பிடித்தது, இரண்டு தடவை செய் என்பது. திட்டம் 30 மாதம் என்றால், முதலில் 10 மாதத்தில் ஒரு முன்மாதிரியைச் செய்து பார்த்துவிட வேண்டும். அதற்காக அவரை அஜைலின் தாத்தா ஆக்கிவிடவும் முடியாது. ஆவணங்களை மலைமலையாகக் கேட்டவர் அவர்.

ஆனால் நிலைத்தது இரண்டாவது படம்தான். 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கொண்டுவந்த 2167 என்ற தரவிதி, நடைமுறையில் அந்தப் படிக்கட்டாகவே புரிந்துகொள்ளப்பட்டது. ஃபிரெட் புரூக்ஸ் தலைமையிலான குழு 1987-லேயே இந்தப் போக்கைக் கடுமையாக விமர்சித்தது. அடுத்த வருஷம் பாரி போம் தன் சுருள் மாதிரியை விரிவாக முன்வைத்தார்: ஒவ்வொரு சுற்றிலும் பெரிய ஆபத்து எது என்று பார்த்து அடுத்ததை முடிவு செய். 2167-இன் வழிவந்த விதி மாற 1994 ஆனது.

எச்சரித்தவரின் பெயரிலேயே அந்தப் படம் ஏன் ஓடியது? நேர்கோட்டுக்கு பில் போட முடியும் என்பதுதான் என் வாசிப்பு. ஒவ்வொரு பெட்டியின் முடிவிலும் ஒரு ஆவணம், ஒரு கையெழுத்து, ஒரு தவணை. தூக்கிப்போடப் போகும் முன்மாதிரிக்கு யார் காசு கொடுப்பார்?

இன்றைக்கும் அதேதான். இரண்டு வார ஸ்பிரிண்ட், தினசரி ஸ்டாண்டப் எல்லாம் உண்டு. ஒப்பந்தத்தில் தேதி, விலை, அம்சங்கள் மூன்றும் முன்பே பூட்டப்பட்டிருக்கும். படிக்கட்டைச் சின்னச் சின்னதாக நறுக்கியிருக்கிறோம், அவ்வளவுதான். கடைசியில் தெரியவரும் விஷயத்துக்கான விலையை வார இறுதியில் உட்கார்ந்து கோட் எழுதுகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

அதனால் புது ப்ராஜெக்ட்டில் எந்த மாடல் என்ற பேச்சு வந்தால் நான் ஒப்பந்தத்தைத்தான் முதலில் கேட்கிறேன். ராய்ஸின் அந்த 10 மாதத்துக்கு அதில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா?