திறந்த இயங்குதளமும் மூடிய இயக்கிகளும்: தமிழக அரசுக் கொள்முதலை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஓர் இயங்குதளத்தின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்தாலும், அது ஓடும் கணினி முழுவதும் பயனாளரின் வசமாகிவிடுவதில்லை. வைஃபை சில்லு, வரைகலை அட்டை, அச்சுப்பொறி ஆகிய ஒவ்வொன்றையும் இயங்குதளத்தோடு இணைக்க டிரைவர் எனப்படும் இயக்கி நிரல் வேண்டும். தயாரிப்பாளர் அதைப் பூட்டிவைத்தால் திறந்த இயங்குதளமும் அவருடைய தயவில்தான் நிற்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்க நிரலாளரைவிடக் கொள்முதல் செய்பவருக்கே வலிமை அதிகம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழகத்தில் இதற்கான அடித்தளம் 2005இல் அமைந்தது. சென்னை சி-டாக் நிறுவனமும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்குச் சென்றது. இதே ஆண்டுகளிலும் அதன் பின்னரும் தயாரிப்பாளர்களும் இறங்கிவந்தனர். ஏஎம்டி 2007இல் வரைகலைச் சில்லு ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. பிராட்காம் 2010இல் வைஃபை இயக்கியின் மூலநிரலைத் திறந்தது. என்விடியா 2022இல் தன் வரைகலை இயக்கியின் கெர்னல் பகுதியைத் திறந்தது. லினக்ஸ் பயனாளர்கள் புறக்கணிக்க முடியாத வாடிக்கையாளர்களாக வளர்ந்ததை விட்டுவிட்டு இந்த மாற்றங்களை விளக்க முடியாது.

இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். கெர்னலுக்குள் சேர்க்கப்பட்ட இயக்கியை அம்மாற்றத்தைச் செய்பவர்களே உடன் திருத்திவிடுவர். வெளியே நிற்கும் மூடிய இயக்கியை அதன் உரிமையாளர் மட்டுமே திருத்த முடியும். அவர் கைவிட்டால் நல்ல கணினியும் பழைய பதிப்பில் முடங்கும். இதன் சுமை எல்லோர்மீதும் சமமாக விழாது. வைஃபை இயக்கி இல்லாத மடிக்கணினிக்கு அதைப் பதிவிறக்கவே இன்னோர் இணைய வழி வேண்டும். நகரத்து மாணவர் அக்கம்பக்கத்தில் உதவி பெறலாம். ஏற்காட்டைச் சுற்றிய சேர்வராயன் மலைக் கிராமத்து மாணவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க நேரலாம். ஆகவே, பெட்டியைத் திறந்தவுடன் எல்லாம் இயங்குவது சமூகநீதி சார்ந்த தேவையுமாகும்.

அப்படியானால் மூடிய இயக்கிகளை ஏற்றுக்கொள்வதுதானே நடைமுறை என்று கேட்கலாம். இன்றைய வசதிக்கு அது உதவும். நான்கு ஆண்டுகள் கழித்து அதே கணினியைப் புதுப்பிக்க உதவாது. மாறாக, மூடிய எதையும் அனுமதிக்கவே கூடாது என்பது கொள்கைத் தூய்மையாளர் வாதம். அதன் நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் டெபியன் சமூகத்தின் அனுபவம் வேறொரு வழியையும் காட்டுகிறது. சில்லுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர்களில் கட்டற்றவை அல்லாதவற்றை 2011 பதிப்பில் கெர்னலிலிருந்து பிரித்த அச்சமூகம், 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 பதிப்பின் நிறுவியில் அவற்றுக்குத் தனிப் பிரிவாக இடமளித்தது. எது மூடியது என்பதை மறைக்காமல் பயனாளரையும் கைவிடாத சமரசம் இது. விலை உயரும் என்ற அச்சமும் உண்டு. ஆனால் லட்சக்கணக்கில் கணினி வாங்கும் அரசு ஒன்று தெளிவான நிபந்தனை விதித்தால், அதற்கேற்ற சில்லைத் தேர்ந்தெடுப்பது விற்பனையாளரின் பொறுப்பாகும்.

மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுத் திறந்த மூலக் கொள்கை மென்பொருளை முன்னிறுத்தியது; வன்பொருள் கொள்முதலுக்கும் அதே அக்கறை நீள வேண்டும். இயக்கிகள் லினக்ஸ் கெர்னலிலேயே இடம்பெற்றிருக்க வேண்டும், ஃபர்ம்வேரைத் தடையின்றிப் பகிரும் உரிமை வேண்டும், மாதிரிக் கணினி இணையமில்லாமல் சோதிக்கப்பட வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை டெண்டரில் சேர்ப்பது அரசால் இயலும். பொதுப்பணத்தில் வாங்கும் கணினியின் ஆயுளைத் தயாரிப்பாளர் தீர்மானிக்க விடாதிருக்க இதுவே உறுதியான வழி.