நொண்டியின் குலம்

ரமணாசிரம வளாகத்தில் பசு லட்சுமிக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், பெயரற்ற ஒரு காகத்துக்கும் சமாதிகள் உள்ளன. 1948 ஜூன் 18-இல் லட்சுமி மறைந்தபோது, அது முக்தி அடைந்ததாகவே ரமணர் வெண்பா எழுதினார். எனினும் அவருடைய மலைவாசத்தைப் பற்றிய குறிப்புகளில் மிகுதியாக இடம்பெறுபவை குரங்குகளே.

ரமணர் 1899 முதல் 1916 வரை விருபாக்ஷி குகையிலும், பின்னர் 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். அந்நாட்களில் தலைவன் குரங்கு கடித்துக் கைவிட்ட குட்டியொன்று நொண்டியபடி அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் பேணி வளர்த்த அதற்கு 'நொண்டி' என்றே பெயராயிற்று. மனிதர் தொட்டு வளர்த்ததைக் குரங்குக் கூட்டம் மீண்டும் சேர்த்துக்கொள்வதில்லை என்பது பொது நம்பிக்கை. நொண்டியோ கூட்டத்தில் சேர்ந்ததுடன், பின்னாளில் அதன் தலைவனாகவும் ஆயிற்று.

அடியார்கள் பதிவு செய்துள்ள இன்னொரு நிகழ்ச்சி இன்றைய நிலைக்கு மிக நெருக்கமானது. புளியமரங்களின் மகசூலை நகராட்சி ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் குரங்குகளைக் கல்லெறிந்து விரட்டியபோது ஒன்று அடிபட்டு இறந்தது. மற்றவை அதன் உடலை ரமணரிடமே தூக்கி வந்தனவாம்; அவர் அவற்றுக்கு ஆறுதல் கூறினாராம். மரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அது இன்று வேறு வடிவம் கொண்டுள்ளது. நொண்டியின் இனமான நாட்டுக்குரங்கு தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரியது. கோயில்தோறும் காணப்படுவதால் அதற்கு ஆபத்து உண்டென எவரும் எண்ணுவதில்லை. ஆனால் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில் இவ்வினத்தை அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சாலையோர ஆல், அத்தி, புளிய மரங்கள் வெட்டப்படுவதும், பிடித்து அயலிடங்களில் கொண்டுவிடப்படுவதும், வடக்கிலிருந்து ரீசஸ் குரங்கினம் பரவி வருவதும் இதற்குக் காரணங்கள். மரத்தை இழந்த குரங்கு ஊருக்குள் வருகிறது. ஊருக்குள் வந்தது தொல்லையாகிறது. தொல்லையானது கூண்டில் ஏறுகிறது.

அருணாசல மலையின் பழைய புகைப்படங்களில் மொட்டைப் பாறைச் சரிவுகளையே காண்கிறோம். விறகுவெட்டும் கோடைத் தீயும் அதை அவ்வாறு ஆக்கின. 1988-இல் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி தொடங்கப்பட்டது. அதன்பின் ஃபாரஸ்ட் வே அமைப்பினரும் அப்பணியில் இறங்கினர். நாற்று நடுவதோடு, கோடைக்கு முன்பே புல்லை அகற்றித் தீத்தடுப்புப் பாதைகளும் அமைத்தார்கள். இன்று ஆசிரமத்துக்குப் பின்னுள்ள சரிவில் நாம் காணும் பசுமை, பலருடைய பல்லாண்டு உழைப்பு.

நம்மால் ஆவது எளிது. கிரிவலப் பாதையில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் எறிவது புண்ணியம் போலத் தோன்றும். ஆயினும் அதுவே குரங்கைப் பிடுங்கித் தின்னப் பழக்கி, பிறகு அதன் மீது கல்லெறிய வைக்கிறது. அதற்கு மாறாகத் தீயணைக்கும் பணிக்கும் மரம் நடும் பணிக்கும் கைகொடுக்கலாம். நெகிழிப் பையை மலையில் விட்டு வராதிருக்கலாம். சாலைக்காக ஆலமரம் சாயும்போது கேள்வி கேட்கலாம்.

நொண்டி மனிதரிடம் வளர்ந்தும் தன் கூட்டத்துக்கே திரும்பியது. திரும்புவதற்கு அன்று அதற்கு ஒரு மலை இருந்தது.