ஃபோன் காட் காலம்

லண்டனின் ஈஸ்ட் ஹாம், பாரிஸின் லா ஷப்பல், டொரொன்டோவின் ஸ்கார்பரோ என்று தமிழர் கடைத்தெரு எதுவானாலும், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பலசரக்குக் கடையின் கண்ணாடிக் கதவு சுவரொட்டிகளால் மூடியிருக்கும். இலங்கை, இந்தியா, கானா, நைஜீரியா என நாட்டுக்கொரு கொடியும் நிமிடக் கணக்கும் அவற்றில் இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் ஃபோன் காட் எனப்பட்ட அழைப்பு அட்டைகளின் அடுக்கு. கறிவேப்பிலையும் கருவாடும் வாங்க வந்தவர்கள், “சிலோனுக்கு இப்ப எந்தக் காட் நல்லம்?” என்று கேட்பார்கள். போன வாரம் நன்றாக இருந்த காட் இந்த வாரம் இழுபறியாக இருக்கலாம். அந்த நிலவரம் கடைக்காரருக்குத் தெரியும்.

இலங்கையில் 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாக மேற்கு நாடுகளுக்குப் போனார்கள். உணவக அடுக்களையிலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களுக்கு ஊரோடு பத்து நிமிடம் பேசுவதே பெருஞ்செலவு. காரணம் தூரம் மட்டுமல்ல. அழைப்பு புறப்படும் நாட்டின் நிறுவனம், அதை வாங்கும் நாட்டின் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டியாக வேண்டும். பல நாடுகளில் தொலைபேசி அரசின் ஏகபோகம். இந்த வரவோ அந்நியச் செலாவணி. அதனால் உண்மைச் செலவைவிடப் பல மடங்கு தொகையில் கட்டணம் நின்றது.

1990களின் பிற்பாதியில் இந்தக் கட்டண மதில் சரிந்தது. 1997இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., தன் நாட்டு நிறுவனங்கள் வெளிநாடுகளுக்குக் கட்டும் தொகைக்கு உச்சவரம்பு விதித்தது: பணக்கார நாடுகளுக்கு நிமிடத்துக்கு 15 சென்ட், ஏழை நாடுகளுக்கு 23 சென்ட். 1998இல் ஐரோப்பிய ஒன்றியம் தொலைபேசிச் சந்தையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. கடலடியில் ஒளியிழை வடங்கள் வந்தன. அவற்றுள் சீ-மீ-வீ 3 கல்கிசையில் கரையேறி இலங்கையையும் இணைத்தது. நிமிடங்களை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் வியாபாரத்துக்கு வழி பிறந்தது.

அட்டையின் பின்புறம் வெள்ளிப் பூச்சு. காசால் அதைச் சுரண்டினால் இரகசிய எண் தெரியும். உள்ளூர் எண் ஒன்றுக்கு அழைத்து அந்த நீண்ட எண்ணைத் தவறாமல் அழுத்த வேண்டும். பிறகு ஊர் எண். மீதி எத்தனை நிமிடம் என்று பதிவுசெய்த குரலொன்று சொல்லும். அழைப்பு எந்த வழியாகப் போகிறது என்பது பேசுபவருக்குத் தெரியாது. அட்டை நிறுவனம், கிடைத்ததில் மலிவான பாதையில் அதைத் திருப்பிவிடும். சில நாள் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும்; சில நாள் தன் குரலே எதிரொலித்துத் திரும்பும்.

சுவரொட்டியில் போட்ட நிமிடமெல்லாம் கைக்கு வந்ததில்லை. இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தவை அட்டையை அரித்தன. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், சொன்ன நிமிடங்களைத் தரவில்லை என்று 2008இல் அட்டை நிறுவனங்கள் மீது வழக்கே தொடுத்தது. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த உழைப்பாளிகள்.

மறுமுனையில் நிலைமை இன்னும் கடினம். 1990இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. பிள்ளையின் குரலைக் கேட்கப் பெற்றோர் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ பயணப்பட வேண்டியிருந்தது. நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கடிதத்தில் குறித்துக்கொள்வார்கள். கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘கொமினிகேசன்’ எனப்பட்ட தொலைபேசிக் கடைகளில் மரக்கூண்டுக்கு வெளியே வாங்கில் காத்திருப்பார்கள். வருகிற அழைப்பைக் கேட்கவும் கடைக்காரருக்கு நிமிடக் காசு கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்புகளில் ஸ்ரீலங்கா டெலிகொம் வைத்திருந்த தனியுரிமை 2002 ஆகஸ்டில்தான் முடிந்தது.

இந்தத் தேவையின் ஆழத்தை நன்றாக அறிந்திருந்தவர்கள் அதே அகதிச் சமூகத்து இளைஞர்கள். 2001இல் ஈழத்தமிழர் மூவர் லெபாரா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற அவர்களின் பெயர்களின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அது பெயர் பெற்றது. அழைப்பு அட்டை விற்று வளர்ந்து, 2004இல் நெதர்லாந்தில் சிம் அட்டைக்கு மாறியது. சொந்தக் கோபுரம் ஒன்றுகூட இல்லாமல், பெரிய நிறுவனங்களின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்துக் கைப்பேசிச் சேவை நடத்தும் முறை அது. முல்லைத்தீவைச் சேர்ந்த சுபாஸ்கரன் அல்லிராஜாவின் லைக்காமொபைல் 2006இல் அதே தடத்தில் இறங்கியது. சுரண்டவும் நீண்ட எண்ணை அழுத்தவும் இனித் தேவையில்லை. கைப்பேசியிலிருந்து நேரே ஊருக்குப் பேசலாம்.

2003இல் ஸ்கைப், 2010இல் வைபர், 2015இல் வாட்ஸ்அப் அழைப்பு என்று அடுத்தடுத்து வந்தன. யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் கையிலும் ஸ்மார்ட்ஃபோன் வந்தபின் நிமிடக் கணக்கு பொருளிழந்தது. சிம் நிறுவனங்களும் நிமிடத்தை விட்டு டேட்டாவை விற்கத் தொடங்கின. இன்று தமிழ்நாட்டில் லைக்கா என்றால் 2014இல் ‘கத்தி’யைத் தயாரித்த சினிமா நிறுவனம் என்றே பலர் அறிவார்கள். லைக்கா வளர்ந்தது, ஊரோடு பேசுவதற்கெனக் காசை எண்ணி எடுத்துவைத்த புலம்பெயர்ந்தோரை நம்பித்தான்.