உருள் கதவு: கட்டடத்துக்கேற்ற ஷட்டரைத் தேர்ந்தெடுத்தல்

உருள் கதவு என்பது குறுக்குப் பட்டிகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்த உலோகத் திரை. வாசலின் இருபுறமும் நிற்கும் சேனல்களுக்குள் ஏறி இறங்கி, மேலே உள்ள குழாயில் சுருண்டுகொள்ளும். தமிழ்நாட்டில் கடைக்காரர், கொத்தனார், பொறியாளர் எல்லோருக்கும் இது ஷட்டர்தான். ஐரோப்பியக் கடைகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே, முதலில் மரப் பட்டிகளாலும் பிறகு எஃகாலும் செய்த உருள் கதவுகள் இருந்தன. நம் கடைத்தெருக்களில் எண் எழுதிய பலகைகளை வரிசை மாறாமல் காடியில் செருகிக் கடையடைத்த பழைய வழக்கத்தை ஷட்டர் மெல்ல அகற்றியது. திறந்திருக்கும்போது தரையில் இடம் பிடிப்பதில்லை, வாசல் முழு அகலத்துக்கும் திறந்துவிடுகிறது, ஒருவரே இழுத்து மூடிவிடலாம் என்பவை அதற்குக் காரணம்.

ஷட்டர் போட வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, சதுர அடி என்ன விலை, எத்தனை கேஜ் தகடு என்ற இரண்டைத்தான். உண்மையில் இவை கடைசியில் வரவேண்டிய கேள்விகள். வாசலின் பரப்பு எவ்வளவு, அந்த இடத்தில் காற்று எவ்வளவு வேகமாக வீசும், அந்த வாசல் வழியாக யார் எப்போது போய்வருகிறார்கள் என்பவை முடிவான பிறகே தகடும் விலையும் பொருள் பெறுகின்றன. ஒரு ஷட்டர் எங்கே தோற்கும் என்று பார்த்தால், அநேகமாக நடுவில் அல்ல, ஓரத்தில்தான்: பட்டியின் முனை சேனலை விட்டு விலகும் இடத்தில், அல்லது சேனல் சுவரை விட்டுப் பெயரும் இடத்தில்.

உறுப்புகள்

பட்டிகளின் இரு விளிம்புகளும் சுருட்டப்பட்டு, ஒன்றன் சுருளில் அடுத்தது நுழைந்து கீல்போல மடங்கும். நடுவில் உள்ள வளைவு பட்டிக்கு விறைப்புத் தருகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புப்படி, 3.5 மீட்டர் அகலம் வரையுள்ள ஷட்டருக்குப் பட்டித் தகடு 0.90 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வளைவின் ஆழம் குறைந்தது 12 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். ஒவ்வொரு பட்டியும் வெல்டிங் ஒட்டு இல்லாத ஒரே துண்டாக இருக்கவேண்டும். ஒன்றுவிட்டு ஒரு பட்டியின் இரு முனைகளிலும் கிளிப் வைத்து ரிவிட் அடித்திருக்கவேண்டும். இந்த கிளிப்தான் பட்டி பக்கவாட்டில் நழுவாமல் காக்கிறது. விலையைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் காணாமற்போவதும் பெரும்பாலும் இதுவே.

கைடு சேனலின் தகடு 3.15 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வாசல் 3.5 மீட்டர் அகலம் வரை இருந்தால் சேனலின் ஆழம் 65 மில்லிமீட்டர், 8 மீட்டர் வரை 75, அதற்கு மேல் 100 என்பது அதே விவரக்குறிப்பின் கணக்கு. உலோக உருள் கதவுகளுக்கென்று இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 6248 தனியாக இருக்கிறது. விலைப்புள்ளி கேட்கும்போது இந்த எண்ணை எழுதிக் கேட்பது நல்ல வழக்கம்.

மேலேயுள்ள குழாய்க்குள் முறுக்குச் சுருள்வில்கள் இருக்கின்றன. ஷட்டர் இறங்க இறங்க இவை முறுக்கேறி, ஏற்றும்போது அந்த விசையைத் திருப்பித் தருகின்றன. ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. விளிம்புச் சுருளையும் வளைவையும் சேர்த்தால் திரையின் எடை அதைவிட நன்றாகவே கூடும். பத்தடிக்குப் பத்தடி ஷட்டரை ஒரு பெண்மணி ஒற்றையாளாகத் தூக்க முடிகிறதென்றால் அது ஸ்பிரிங்கின் வேலை.

பரப்பும் இயக்கமும்

கையால் தள்ளி ஏற்றி, இழுத்து இறக்கும் வகைக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் வரம்பு ஏறத்தாழ 8 சதுர மீட்டர். பால் பேரிங் வைத்தால் 12 வரை போகலாம். அதற்கு மேல் கியரும் சங்கிலியும், இன்னும் பெரிதென்றால் மோட்டாரும் வேண்டும். நம் ஊரில் சாதாரணமாகக் கட்டப்படும் பத்தடிக்குப் பத்தடிக் கடை வாசல் 9.3 சதுர மீட்டர். பால் பேரிங் இல்லாத ஷட்டருக்கு அது முதல் நாளே எல்லை தாண்டியது. அப்படிப் போட்ட ஷட்டர்கள் ஓராண்டு லேசாக ஓடிவிட்டுப் பிறகு ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

அகலம் 9 மீட்டரைத் தாண்டினால் ஒரே திரையாகப் போடாமல், நடுவில் நிலையான சேனலோ கழற்றி எடுக்கும் சேனலோ வைத்து இரண்டாகப் பிரிப்பது நல்லது. வாசல் நடுவே தூண் வேண்டாம் என்பவர்கள் கழற்றும் சேனலை விரும்புகிறார்கள். ஆனால் இரவில் அதைத் தவறாமல் மாட்டுகிற ஆள் கடையில் இருக்கவேண்டும்.

அளவெடுக்கும்போது மேலே உள்ள இடத்தையும் பார்க்கவேண்டும். மூன்று மீட்டர் உயர ஷட்டர் சுருண்டால் உருளையின் குறுக்களவு ஓரடியைத் தாண்டும். உருளை உள்ளே இருந்தால் வாசலின் தலையுயரமோ உட்கூரையின் இடமோ குறையும். வெளியே வைத்தால் மழை ஸ்பிரிங்கின்மேல் விழும், பெட்டி நடைபாதைக்கு மேல் நீட்டும், மேல்மூடியின் போல்ட்டுகள் திருடனின் கைக்கு எட்டும். நகைக்கடை, மருந்துக்கடை, செல்போன் கடைகளுக்கு உள்ளே வைப்பதே சரி. ஷட்டரைச் சதுர அடிக்கணக்கில் விற்பதால், சுருண்டிருக்கும் பகுதியும் சேனலுக்குள் நுழையும் பகுதியும் அளவில் சேருமா என்பதை வேலை தொடங்குமுன் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். கடைசி நாள் தகராறுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

காற்று

கட்டட வடிவமைப்புக்கான காற்று வேகத்தை ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் ஊர்வாரியாகத் தருகிறது. சென்னைக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. வேகத்தில் வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவது: 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 50 மீட்டருக்கு அது சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ எடை. 39 மீட்டருக்கு 910 சொச்சம். பத்தடிக்குப் பத்தடி வாசலில் சென்னையில் சுமார் 1.4 டன் தள்ளும்போது, மதுரையில் ஒரு டன்னுக்குக் குறைவாகத் தள்ளுகிறது. கட்டடத்தின் உயரம், சுற்றுப்புறம், எந்தத் திசை பார்த்த வாசல் என்பதையெல்லாம் பொறுத்து இது கூடும் குறையும். ஆனாலும் கோவையில் நின்ற ஷட்டரை அப்படியே கடலோரத்தில் போடக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஐரோப்பியத் தரமான இ.என். 12424, கதவுகளைக் காற்று தாங்கும் திறனுக்கேற்ப வகைப்படுத்துகிறது. அதில் நான்காம் வகைக்கே 1000 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு 1000 நியூட்டன்தான். இறக்குமதி ஷட்டர் வாங்குபவர் வகை எண்ணைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

காற்று அழுத்தும்போது திரை வில்லாக வளைகிறது. வளைந்த திரையின் முனைகள் உள்நோக்கி இழுபட்டு, சேனலின் ஆழம் போதாவிட்டால் வெளியே வந்துவிடுகின்றன. இதைத் தடுக்கப் பட்டி முனையில் கொக்கி வைத்து, சேனலுக்குள் அதைப் பிடிக்கும் விளிம்பும் அமைக்கிறார்கள். அதன்பின் திரை கயிறுபோல் இழுவிசையில் நிற்கிறது, அந்த இழுப்பு முழுவதும் சேனலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குப் போகிறது. ஆகவே செங்கல் சுவரின் விளிம்பில் இரண்டு விரிவு போல்ட்டுகள் மட்டும் அடித்து நிறுத்திய சேனலுக்குக் கொக்கி வைத்தும் பயனில்லை. கான்கிரீட் தூணிலோ, அதில் முன்பே பதித்த இரும்பிலோ பிடிக்கவேண்டும். இதைக் கட்டடம் எழும்பும்போதே சொல்லியாகவேண்டும். பூச்சு முடிந்தபின் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள்.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையையும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியையும் தாக்கியதைப் பார்த்தவர்களுக்கு இதன் எடை தெரியும். கிடங்கின் ஷட்டர் ஒன்று விட்டுக்கொடுத்தால், உள்ளே புகுந்த காற்று கூரைத் தகட்டைக் கீழிருந்து தள்ளுகிறது. மேலே ஏற்கெனவே உறிஞ்சும் விசை இருக்க, இரண்டும் சேர்ந்து கூரையைப் பெயர்த்துவிடும். கடலோரக் கிடங்குக்கு ஷட்டர் வாங்குவது கூரைக்கும் சேர்த்து வாங்குவதுதான்.

உலோகம்

எம்.எஸ். எனப்படும் சாதாரண எஃகு மலிவு, பழுது பார்ப்பது எளிது, வண்ணம் தவறாமல் பூசவேண்டும். ஜி.ஐ. தகட்டில் துத்தநாகப் பூச்சின் அளவைக் கேட்கவேண்டும்: சதுர மீட்டருக்கு 120 கிராம் பூச்சும் 275 கிராம் பூச்சும் கடையில் ஒரே பெயரில்தான் விற்கின்றன, கடல்காற்றில் இரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. அலுமினியம் எடை குறைவு, துருவேறாது. உள்ளே நுரை நிரப்பிய அலுமினியப் பட்டி சத்தத்தையும் வெயிலையும் குறைக்கும், கீழே கடை, மேலே குடியிருப்பு என்று இருக்கும் கட்டடத்துக்கு ஏற்றது. ஆனால் கடப்பாரைக்கு எஃகு அளவு தாங்காது. உப்புக்காற்றில் அலுமினியத்தைச் சாதாரண எஃகு போல்ட்டால் நேரடியாகப் பிடித்தால், தொடும் இடத்தில் அரிப்பு கூடும்.

கேஜ் கணக்கில் எண் ஏற ஏறத் தகடு மெலியும்: 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. மில்லிமீட்டரில் எழுதி வாங்கி, வண்ணம் பூசுமுன் ஒரு துண்டை அளந்து பார்ப்பது நலம்.

தமிழ்நாட்டில் ஷட்டரில் முதலில் அரிபடுவது அடிப்பட்டையும் சேனலின் கடைசி அரையடியும்தான். காலையில் கடை வாசலில் தண்ணீர் தெளிப்பதும், தரையைக் கழுவி விடுவதும், மழைநீர் தேங்குவதும் அங்கேதான். வாசற்படி வெளிப்பக்கம் சரிந்திருக்கவேண்டும். சேனலின் அடியில் நீர் வடியச் சிறு இடைவெளி வேண்டும். முழு ஷட்டரையும் விலையுயர்ந்த உலோகத்தில் போட வசதியில்லாதவர், இந்த அடிப்பகுதியை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் போட்டாலே நெடுங்காலம் தாங்கும்.

இரவிலும் காட்சிப்பொருள் தெரியவேண்டிய கடைக்குத் துளையிட்ட பட்டியோ உருள் கிரில்லோ பொருந்தும். அடுக்கக வாகன நிறுத்துமிடத்துக்கும் அப்படித்தான், புகை வெளியேற வழி வேண்டும்.

களவும் உயிரும்

ஷட்டரை நெம்பித் திருடுபவர் அடிப்பட்டையின் நடுவில் கடப்பாரையையோ ஜாக்கியையோ வைக்கிறார். இரு ஓரங்களிலும் பூட்டு இருந்தாலும் அகலமான ஷட்டரின் நடுப்பகுதி வளைந்து கொடுக்கும். நடுவில் தரையோடு பிடிக்கும் பூட்டு ஒன்றும், கனமான ஆங்கிள் வைத்த அடிப்பட்டையும் தகட்டின் கேஜை விடப் பயன் தருபவை. கொண்டியை மெல்லிய பட்டியில் ரிவிட் அடித்தால் பூட்டு அப்படியே இருக்க ரிவிட் பிய்ந்து வரும். அது அடிப்பட்டையிலேயே இருக்கவேண்டும்.

இதைவிடப் பெரிது, உள்ளே இருப்பவர் வெளியே வரும் வழி. அவசர வெளியேறும் வழிக்கு மேல்நோக்கி ஏறும் கதவு வைக்கக்கூடாது என்று இந்தியத் தேசியக் கட்டடத் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. தீப்பற்றினால் மின்சாரம் போகும், புகையில் பூட்டு தெரியாது, வெளியே பூட்டியிருந்தால் உள்ளே இருப்பவர் என்ன செய்தும் திறக்காது. கடைக்குள்ளேயே படுத்துறங்கும் வேலையாட்கள் நம் ஊரில் ஏராளம். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு ஷட்டர் ஒன்றே வாசலாக இருக்கக்கூடாது. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தனிக் கதவு பின்புறத்திலோ பக்கத்திலோ வேண்டும். அதற்கு இடமே இல்லையென்றால் ஷட்டருக்குள் ஒரு திட்டிவாசலாவது வேண்டும், அது அரைத் தீர்வு என்பதை மறக்காமல். இந்த ஒரு விஷயத்தில் கட்டட உரிமையாளர் செலவைக் குறைக்கக்கூடாது.

தீத்தடுப்பு ஷட்டர் வேறு வகை. ஏறத்தாழ 70 பாகை செல்சியஸில் உருகும் இணைப்பு அறுந்ததும் தன் எடையிலேயே இறங்கித் தீயை ஒரு பகுதியில் அடைக்கும். சாதாரண ஷட்டர் அந்த வேலையைச் செய்யாது.

உலோக ஷட்டரில் மின்சாரம் பாய்ந்து கடை திறப்பவர் இறப்பதும் அவ்வப்போது நடக்கிறது. பெயர்ப்பலகைக்குப் போகும் ஒயரின் உறை உராய்ந்து திரையைத் தொட்டாலே போதும். உருளைக்கு அருகே ஒயர் போகக்கூடாது, சேனலுக்கு எர்த் வேண்டும், அந்தச் சுற்றுக்குக் கசிவு மின் துண்டிப்பான் வேண்டும்.

மோட்டார்

குழாய்க்குள் அடங்கும் மோட்டார் சிறிய, எடை குறைந்த ஷட்டருக்கு. அடுத்தடுத்து சில முறை ஏற்றி இறக்கினால் சூடேறித் தானே நின்று, ஆறியபின்தான் ஓடும். பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. கடை ஷட்டருக்கு நடு மோட்டார்: ஸ்பிரிங் எடையைச் சமன்செய்ய, மோட்டார் மிச்சத்தை மட்டும் இழுக்கிறது. பெரிய கிடங்குக்குப் பக்க மோட்டார். இதில் ஸ்பிரிங் இல்லாவிட்டால் முழு எடையும் கியரில் தொங்கும், கியர் முறிந்தால் திரை விழும். எனவே விழுதடுப்புப் பிரேக் இல்லாத பக்க மோட்டாரை ஏற்கக்கூடாது. மின்தடையில் கையால் இயக்கும் வழியும், குழந்தையோ வண்டியோ குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளி உணர்வியும் எந்த மோட்டாருக்கும் வேண்டும்.

பராமரிப்பு

சேனலுக்குள் கிரீஸ் தடவுவது பரவலான பழக்கம். தெருத் தூசி அதில் ஒட்டிப் பசையாகி ஷட்டரை இறுக்கும். சேனலை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கான் தெளிப்பு அடித்தால் போதும். கிரீஸ் பேரிங்குக்கும் சங்கிலிக்கும் உரியது. ஷட்டர் பாதியில் நிற்காமல் கீழே சரிந்தாலோ, தானாக மேலே ஓடினாலோ ஸ்பிரிங்கின் முறுக்கு மாறிவிட்டது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவரையே அழைக்கவேண்டும். முறுக்கேறிய ஸ்பிரிங் கையிலிருந்து நழுவினால் எலும்பை முறிக்கும். ஒரு ஸ்பிரிங் உடைந்தால் மற்றவையும் அதே அளவு உழைத்தவைதான், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே முறை.