சமய போதனையும் பள்ளியின் வாயிலும்

அரசினர் பள்ளிகளில் சமய போதனைக்கு இடம் உண்டா என்னும் வினா, நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. அதனைப் பெரும்பாலோர் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ந்தனர். தாழ்த்தப்பட்ட மக்களாகிய நாமோ பள்ளியின் வாயிலுக்கு வெளியே நின்று ஆராய வேண்டியவர்களாயினோம்.

1846ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் ட்வீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்க விழைந்தார். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலிய நகரப் பெருமக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். மறு ஆண்டே கம்பெனியின் இயக்குநர் அவை ஆளுநரின் கருத்தை ஏற்க மறுத்துவிட்டது. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை இக்கொள்கையை உறுதி செய்தது. அரசுப் பள்ளிகளில் உலகியற் கல்வியே நிலவும். விவிலியம் நூலகத்தில் இருக்கலாம். மாணவன் தானே விரும்பிக் கேட்பின், பள்ளி நேரத்திற்குப் புறம்பாக ஆசிரியர் விளக்கலாம். இதனையே சமய நடுநிலை என்றனர்.

இந்நடுநிலை நமக்கு எவ்வாறு பயன்பட்டது? 1856இல் தார்வார் அரசுப் பள்ளியில் ஒரு மகார் சிறுவன் சேர வேண்டினான். அவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஒருவனுக்காகப் பலர் பள்ளியை விட்டு நீங்கும் நிலையை உண்டாக்கலாகாது என்று பம்பாய் அரசும் அதற்குத் துணை நின்றது. எந்தச் சமயநூலும் ஓதப்படாத பள்ளி அது. ஆயினும் தீண்டாமை என்னும் சமயக் கட்டளை அதன் வாயிலில் காவல் நின்றது! அரசின் முழுச் செலவில் நடைபெறும் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியன என்று 1858இல் பம்பாய் அரசு அறிவித்தது. அறிவிப்பு ஏட்டில் இருந்தது. கதவு எளிதில் திறக்கவில்லை.

இதனால் நம் முன்னோருள் பலர் மிஷன் பள்ளிகளை நாடினர். அங்கே சமய போதனை உண்டு. ஆனால் இடமும் உண்டு. போதனையற்ற பள்ளியில் நுழைவில்லை, நுழைவுள்ள பள்ளியில் போதனை தவிர்க்க இயலாதது என்பதே அன்றைய நிலை.

1892இல் சென்னை மகாஜன சபையில் அயோத்திதாசப் பண்டிதர் கோயில் நுழைவைப் பற்றி வினவினார். சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரிய தெய்வங்கள் அல்லர் என்று அங்கிருந்த ஒருவர் மறுத்தார். அவ்வாறாயின் அத்தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா, எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி தருக என்று பண்டிதர் கேட்டார். கோயிலை விடுத்தும் பள்ளியை விடாத அவ்வுறுதி நம் வரலாற்றின் திருப்புமுனை எனலாம். 1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தோற்றுவித்தார்.

இவ்வனுபவம் முழுவதையும் அறிந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948 டிசம்பர் 7ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அவர் மூன்று காரணங்களை எடுத்துரைத்தார். எல்லாரிடமும் பெற்ற வரிப்பணத்தை ஒரு சமயத்தின் போதனைக்குச் செலவிடலாகாது. பல சமயங்களும் உட்பிரிவுகளும் உள்ள நாட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப் போதனை அளித்தல் இயலாது. தன் வழியே உய்யும் வழி என ஒவ்வொரு சமயமும் கூறுவதால் வகுப்பறையில் பூசல் விளையும் என்பன அவை. சமயங்களைக் கற்றறிவது வேறு, நம்பிக்கையாகப் புகட்டுவது வேறு என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார்.

அன்று விவாதிக்கப்பட்டதே இன்றைய அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. முழுதும் அரசு நிதியில் நடைபெறும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசின் ஏற்போ உதவியோ பெறும் பள்ளியில், மாணவரின் இசைவின்றி, சிறுவராயின் பெற்றோரின் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தலாகாது. சமயங்களைப் பற்றிய கல்வி இத்தடைக்கு உட்பட்டதன்று என உச்சநீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது.

இளைஞர்களே, 28ஆம் பிரிவைத் தனித்துப் படிப்பது போதாது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவையும், அரசு நிதி பெறும் பள்ளியில் சாதி, சமயம் காட்டி இடம் மறுத்தலைத் தடுக்கும் 29(2)ஆம் பிரிவையும் அதனோடு சேர்த்துப் படியுங்கள். முன்னது பாடநூலைக் காக்கிறது. பின்னவை வாயிலைக் காக்கின்றன. நூலில் இல்லாத போதனை வரிசையிலும், பந்தியிலும், தண்ணீர்க் குவளையிலும் நடைபெறக்கூடும். எந்தப் பிள்ளையின் கையில் துடைப்பம் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். சாதியைக் கற்பிக்கும் பள்ளி, ஒரு மந்திரமும் ஓதாமலே சமய போதனை செய்கிறது. அதனைக் கண்டவிடத்துச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி வினவும் துணிவே, வாயிலில் நின்றோருக்கு நாம் செலுத்தும் கடன்.