கொடைக்களம் வளர்த்த நாயனம்

நாகசுர வித்துவான் காருகுறிச்சி அருணாசலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வரலாறு வழக்கமாகச் சொல்லப்படும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், பொருநை என்னும் தாமிரபரணியின் பாசனத்தில் செழித்த ஒரு சிற்றூரில் 1921-ல் பிறந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். காவிரிக் கரையின் ராக ஆலாபனையைத் தெற்குச் சீமைக்குக் கொண்டுவந்தார். 1964-ல், புகழின் உச்சியில் இருக்கும்போதே மறைந்தார். இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இது பாதி வரலாறு. வித்துவான் எங்கே படித்தார் என்பதற்கு இது விடை சொல்கிறது. அவர் வாசிப்பை விடிய விடியக் கேட்ட சனம் எங்கே படித்தது என்று இது கேட்பதே இல்லை. தஞ்சைச் சீமையைப் போல ஊருக்கு ஊர் பெரிய கோயிலும் வித்துவான் பரம்பரையும் இங்கே இருந்ததில்லை. சென்னையைப் போலச் சபாக்களும் இல்லை. கரிசல் காட்டுச் சம்சாரியும் வயக்காட்டு வேலையாளும் தோடியையும் கரகரப்பிரியாவையும் பெயர் தெரியாமலே இனம் கண்டு தலையாட்டினார்கள் என்றால், அந்தக் காதுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்க வேண்டும். அது சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில்களின் கொடை விழா என்பதும், அங்கே பாடம் நடத்தியது நையாண்டி மேளம் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

பெருங்கோயில்களின் பங்கை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். தாமிரபரணிக் கரை ஊதுகருவிகளுக்குப் புதியதல்ல. ஆறு கடலில் கலக்கும் கொற்கை வட்டாரம் முத்துக்கு மட்டுமல்லாமல் சங்குக்கும் பேர் போனது. பூசையில் ஊதிய அதே சங்கைச் சாவு வீட்டிலும் ஊதினார்கள். கொம்பு, எக்காளம், திருச்சின்னம் ஆகியவை சாமி புறப்பாட்டை முன்னறிவிக்கும் வேலையைச் செய்தன. நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரிக் கோயிலில் கல்லிலேயே செய்த நாகசுரம் ஒன்று இருக்கிறது. கல்லைக் குடைந்து குழலாக்கும் அளவுக்கு அந்த வாத்தியத்தின் மேல் ஒரு காலத்துக்கு மோகம் இருந்திருக்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவும், ஆழ்வார்திருநகரியில் ஒன்பது பெருமாள்களும் கருட வாகனத்தில் ஒன்றுகூடும் வைகாசித் திருநாளும் மேளம் இல்லாமல் நடக்கிறவை அல்ல. ஆகவே வாத்தியமும் வாசிப்பும் கோயிலில் காப்பாற்றப்பட்டன என்பதில் சந்தேகம் இல்லை. கேட்டவர்கள் யார் என்பதுதான் சந்தேகம்.

கோயில் நுழைவுக்கு வழிவிடும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-ல்தான் வந்தது. அதுவரை இந்தப் பள்ளத்தாக்கின் மக்களில் பெரும் பகுதியினர் பெரிய கோயில்களின் வாசலுக்கு வெளியே நின்றவர்கள். வெளியே என்றால் தேர் ஓடும் வீதி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கழுகுமலையில், தேர்வீதியில் ஊர்வலம் போகும் உரிமைக்காக நாடார்கள் நடத்திய வழக்காட்டம் 1895-ல் கலவரமாக வெடித்து உயிர்களைக் குடித்தது. நாகசுரம் திறந்த வெளிக்கான வாத்தியம், ஆகவே எல்லார் காதிலும் விழுந்திருக்கும் என்று சமாதானம் சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தூரத்தில் கேட்கும் ஓசை ஒன்று. வாசிப்பவர் எதிரில் உட்கார்ந்து, கன்னம் உப்புவதையும் விரல் நகர்வதையும் பார்த்தபடி கேட்கும் இசை வேறொன்று. ரசனை இரண்டாவதில்தான் பிறக்கும். அப்படி எதிரில் உட்கார, ஊரின் எளிய சனத்துக்குத் தடையில்லாத இடமாக இருந்தது தங்கள் சொந்தச் சாமியின் கோயில் முற்றம்தான்.

அந்த முற்றத்தில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கால்நாட்டு முடிந்து, குடியழைப்பு அன்று இரவு மேளம் ஊருக்குள் வந்துவிடும். மறுநாள் மதியக்கொடை, நள்ளிரவில் சாமக்கொடை. வில்லுப்பாட்டு ஒரு பக்கம், கணியான் கூத்தின் மகுடம் ஒரு பக்கம், நையாண்டி மேளம் ஒரு பக்கம் என்று முறை மாற்றி முறை நடக்கும். பொதுவாக மேள செட்டில் இரண்டு நாயனம் (நாகசுரம்), இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் இருக்கும். கரகாட்டம் வந்திருந்தால் ஆட்டத்துக்கும் இவர்களே வாசிக்க வேண்டும். சாமியாடிக்கு அருள் ஏறும் நேரத்தில் வாசிப்பது தனி வேலை. அங்கே நாயனக்காரர் சாமியாடியின் முகத்தையும் காலையும் பார்த்துக்கொண்டே வாசிப்பார். எப்போது நடையைக் கூட்டுவது, எந்தச் சுரத்தில் நின்று இழுப்பது என்பதை அந்த இடத்தில் அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஆட்டம் ஓய்ந்து, பொங்கல் பானைகள் கொதிக்கும் இடைவெளியில், இரண்டு நாயனமும் ஒன்றை ஒன்று சீண்டிக்கொண்டு நிதானமாக ஒரு ராகத்தைச் சுற்றிவரும். ஒருவர் ஒரு பிடியை எடுத்துவிட, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லி ஒரு சங்கதி கூட்டுவார். கேட்கிறவனுக்கு இது நேரடிப் பாடம். எது முதலில் வந்தது, எது மாறியது, எது கூடியது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். சுரம் தெரியாதவனுக்கும் வித்தியாசம் பிடிபடும். கொடை ஆண்டுக்கு ஒன்றுதான்; ஆனால் ஊருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, குலத்துக்கு ஒன்று. பங்குனி முதல் ஆவணி வரை நடந்தே போகும் தூரத்தில் எத்தனை கொடைகள் வந்தனவோ அத்தனை இரவுகளின் கேள்வி ஞானம் ஒருவனுக்குச் சேர்ந்தது.

கேட்பவனுக்கு மட்டுமல்ல, ஊதுபவனுக்கும் இது பயிற்சிக்களம். நாகசுரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழுதான். ஒரே துளையிலிருந்து வெவ்வேறு சுரத்தானங்களை எடுப்பது சீவாளியைப் பற்றும் உதடும், கூட்டிக் குறைக்கும் மூச்சும், துளையை அரையும் காலுமாக மூடும் விரலும் சேர்ந்து செய்கிற வேலை. அதனால்தான் பழைய பெரிய மேளங்களில் பையன்களை முதலில் வாய்ப்பாட்டில் உட்காரவைத்தார்கள். பிறகு ஒத்து ஊதவைத்தார்கள். ஒத்து ஊதுவதில் விரலுக்கு வேலை இல்லை. ஆதார சுருதியை மூச்சு அறாமல் மணிக்கணக்கில் பிடித்து நிற்பதுதான் பாடம். இந்தப் பாடத்தை எந்த வாத்தியார் வீட்டுத் திண்ணையிலும் படிக்கலாம். ஆனால் நடுச்சாமத்தில், புகையும் கூச்சலும் சூழ, இரண்டு தவிலும் ஒரு பம்பையும் போடும் சத்தத்துக்கு மேலே சுருதி பிசகாமல் நிற்கும் தெம்பைத் திண்ணை தராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கச்சேரி மேடையில் இன்று கோலோச்சும் நீளமான பாரி நாகசுரம் பழங்காலத்தது அல்ல. ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைச் செம்மைப்படுத்திய பிறகே அது பரவியது. அதற்கு முன் மேளங்களில் பெரிதும் வழங்கியது குட்டையான, உச்ச சுருதியில் பேசும் திமிரிதான். அந்தத் திமிரியைக் கைவிடாமல் வைத்திருப்பது நையாண்டி மேளம். மரபிலிருந்து வழுவியதாகக் குற்றம் சாட்டப்படுகிறவர்கள் கையில்தான் மரபின் பழைய வடிவம் இருக்கிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். அருணாசலத்தின் பாணி முழுக்க ராஜரத்தினத்தின் பாணிதானே, கொடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். பாணி காவிரியுடையதுதான். ஆனால் அந்தக் குருவிடமிருந்து திரும்பிய பிறகு அருணாசலம் தஞ்சையிலோ சென்னையிலோ குடியேறவில்லை, கோவில்பட்டியில் குடியேறினார். ஒரு கலைஞன் தன்னைத் தாங்கும் சனம் இருக்கும் இடத்தில்தான் வீடு கட்டுவான். அவருடைய நாகசுரத்தையும் எஸ். ஜானகியின் குரலையும் இணைத்து 'சிங்கார வேலனே தேவா' என்ற பாட்டை 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்கு அமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடு கடையநல்லூரில் பிறந்தவர். ஆபேரி ராகத்தின் நீண்ட சங்கதிகளை டீக்கடை வானொலியில் கேட்ட கூட்டம் அதைச் சினிமாப் பாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நாயனத்தின் வெற்றியாகக் கொண்டாடியது. இதன் கூடவே, இசையைச் சமஸ்தானங்கள்தான் வளர்த்தன என்றும் சொல்வார்கள். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரம் சமஸ்தானத்தில்தான் காலமானார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அங்கேதான் 1904-ல் அச்சேறியது. இவை பெருமைக்குரியவை. ஆனால் அரண்மனைக் கச்சேரி அரண்மனைக்குள் நடந்தது. சமீனின் இசை ஊருக்குள் இறங்கிய இடம் எது என்று தேடினால் ஊற்றுமலையைச் சொல்ல வேண்டும். அங்கே இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து, நடந்துபோகிறவர்களின் காலடிக்குக் கட்டிய மெட்டு. அது கர்நாடகக் கச்சேரிகளின் கடைசிப் பகுதிக்கும் ஏறியது, நாயனத்திலும் ஏறியது. மேடைக்கும் தெருவுக்கும் நடுவே வழி இருந்தது. இரண்டு திசையிலும் ஆள் நடமாட்டம் இருந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. நையாண்டி மேளம் வேகத்தையும் சினிமாப் பாட்டையும் நம்பி நாகசுரத்தின் கம்பீரத்தைக் கெடுத்துவிட்டது, கரகாட்டத்தின் இரட்டை அர்த்தப் பேச்சோடு சேர்ந்து வாத்தியத்துக்கே கெட்ட பேர் வாங்கித் தந்தது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. விரைவு நடையிலேயே காலம் தள்ளும் கை ஆலாபனையின் நிதானத்தை இழக்கும். உரக்க ஊதியே பழகிய வாய் மெல்லிய கமகத்தைத் தவறவிடும். ஆனால் காரணத்தை இடம் மாற்றி வைக்கிறார்கள். ஒலிபெருக்கி வந்து வில்லுப்பாட்டும் மேளமும் ஒரே நேரத்தில் அலறத் தொடங்கிய பிறகு ராகத்துக்கான அந்த இடைவெளி நேரம் சுருங்கியது. சம்பளம் பேசும் விழாக் குழு சினிமாப் பாட்டைக் கேட்டது. கேட்டதை வாசித்தவன் மேல் பழி விழுந்தது. ராஜ மேளம் என்று சொல்லப்படும் கோயிலின் பெரிய மேளத்தின் கதியும் ஒன்றும் உயர்ந்ததல்ல. கலியாண மண்டபத்தில் கெட்டி மேளம் கொட்டும் அந்த ஒரு நிமிடம் தவிர யாரும் திரும்பிப் பார்க்காத மூலையில் ராஜ மேளத்தையும் உட்காரவைத்திருக்கிறோம். வாத்தியத்தைக் கெடுத்தது எந்த வகை மேளம் என்று விசாரிப்பதற்கு முன்னால், இரண்டு வகைக்கும் காது கொடுக்காமல் போனது எப்போது என்று விசாரிப்பதே முறை. இதற்குள் சாதியும் இருக்கிறது. மேடையேறி உட்கார்ந்து வாசிக்கும் உரிமைக்கு ராஜரத்தினம் பிள்ளையே போராட வேண்டியிருந்தது. பெரிய மேளத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை நையாண்டி மேளக்காரரின் வாசல் வரை வந்து சேரவில்லை. அவரை விலக்கிவைப்பதற்குச் சொல்லப்படும் இசைக் காரணங்களில் எத்தனை இசைக் காரணங்கள் என்று சந்தேகப்படுவது நியாயம்தான்.

மூன்றாவதாக, காலம் மாறிவிட்டது, ஊதுகருவி வேறு உருவத்தில் வாழ்கிறது என்று ஆறுதல் சொல்வார்கள். பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் தேவாலயக் கலியாணத்துக்கும் அடக்கத்துக்கும் டிரம்பெட், கிளாரினெட்டோடு பேண்டு செட் வருகிறது. அதிலும் நல்ல வாசிப்புக்காரர்கள் இருக்கிறார்கள். பேண்டு செட் நாயனத்துக்குப் போட்டி என்று நான் கருதவில்லை. இரண்டும் மூச்சை நம்பியவை, இரண்டும் தெருவில் நிற்பவை. இன்று கொடைகளில் மேள செட்டின் இடத்தைப் பிடிப்பது கேரளத்துச் செண்டை. கண்ணுக்கு அது விருந்து. ஆனால் தோல் கருவிகளின் பெருக்கத்தில் ராகம் வாசிக்க ஆள் இல்லாமல் போகிறது. நையாண்டி மேளம் போகும் இடத்தில் பறையும் தவிலும் வேறு வடிவில் மிஞ்சும்; மிஞ்சாமல் போவது ராகம். அந்த ஊரின் அடுத்த தலைமுறைக்கு ஒரு சுரக் கருவியை எதிரில் உட்கார்ந்து கேட்க இருந்த ஒரே வாய்ப்பும் அத்தோடு போய்விடும்.

திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகசுரமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்பாக அங்கே சொல்லித்தரப்படுகின்றன. அது அவசியமான ஏற்பாடு, அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பள்ளி வித்துவானை உருவாக்கலாம்; ரசிகனை உருவாக்க அதனால் ஆகாது. ரசிகன் இல்லாத ஊரில் வித்துவான் சான்றிதழோடு வேறு வேலைக்குப் போவான். அரசு ஏடுகளிலும் நம் மனத்திலும் ஒரே வாத்தியம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: பள்ளியில் படித்தால் செவ்வியல், கொடையில் வாசித்தால் நாட்டார் கலை. இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு அந்தப் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லவில்லை. இசைப்பள்ளி மாணவன் ஒரு பருவமாவது நல்ல மேள செட்டோடு கொடைக்குப் போய் வாசிக்கட்டும். அனுபவமுள்ள நையாண்டி நாயனக்காரர் பள்ளியில் திமிரி வாசிப்பையும் சாமியாட்டத்துக்கு வாசிக்கும் முறையையும் சொல்லித்தரட்டும். விழாக் குழுக்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம்: சாமக்கொடைக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு நாயனத்துக்கு மட்டும் விடலாம். செலவில்லாத காரியம். காருகுறிச்சிக்கு நூற்றாண்டு விழா எடுப்பதும் சிலைக்கு மாலை போடுவதும் நல்லவைதான். அவரைக் கேட்கத் தெரிந்த சனத்தைத் திரும்ப உருவாக்கும் வேலை, இந்த ஒரு மணி நேரத்திலிருந்துதான் தொடங்க முடியும்.